மெழுகு போட்டா விஷம் போயிடுமா?

போன வாரம் ராத்திரி சாப்பிட்டுட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தங்கச்சி மகன் போனை நீட்டினான். "மாமா, இதப் பாருங்க. நம்ம ஊரு வேலைதான். எத்தனை லட்சம் பேரு பாத்திருக்காங்க தெரியுமா?"

பார்த்தேன். வீச்சு வலைக்கு ஈயக் குண்டு ஊத்துற படம். மூணு செங்கல் வெச்ச அடுப்பு, அதுமேல இரும்புச் சட்டி, சட்டியில கண்ணாடி மாதிரி மின்னுற ஈயம். ஒரு ஆள் வெறுங்காலோட குந்தி உட்கார்ந்திருக்கான். ஒரு மெழுகுவத்தித் துண்டைச் சட்டிக்குள்ள போடுறான். குபுகுபுன்னு புகை, அப்புறம் தீ. கலக்குறான். "பாத்துக்கங்க மக்களே, இருந்த விஷம் பூரா புகையாப் போயிடுச்சு. இப்ப சுத்த ஈயம். சின்னப் புள்ளகூட கையில எடுக்கலாம்" அப்படிங்கறான். சொன்னபடியே பக்கத்துல ஒரு சின்னப் புள்ள. ஏழு வயசு இருக்கும். ஆறின குண்டுகளைப் பொறுக்கிப் பாவாடை மடியில போட்டுக்குது. பின்னால புல்லாங்குழல் வேற.

கீழே பார்த்தா ஒரே பாராட்டு. மண்மணம், மறந்துபோன கைத்தொழில், இதெல்லாம் எங்க தாத்தா காலத்து அறிவு, அப்படி இப்படின்னு. எழுதினவங்க முக்காவாசிப் பேரு சென்னை, கோயமுத்தூர், பெங்களூர்னு தெரியுது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த ஆள் மேல பாதி, பாராட்டின உங்க மேல பாதி. ஏன்னா அவன் சொன்ன அதே பொய்யை நானும் இருபது வருஷம் நம்பினவன். அதுக்கு என் வீட்ல ஒரு உசுரு போச்சு.

முதல்ல, குண்டு எதுக்குன்னு தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். வீச்சு வலைங்கறது வட்டமா விரிஞ்சு விழற வலை. அதோட ஓரத்துல சுத்திலும் ஈயக் குண்டு கோர்த்திருக்கும். பெரிய வலைன்னா மூணு கிலோ, நாலு கிலோ பிடிக்கும். அந்தக் கனம்தான் வலையை மீன் ஓடறதுக்கு முன்னாடி தரையில உட்கார வைக்குது. மேட்டூர் திறந்து தண்ணி எங்க வாய்க்காலுக்கு வந்து சேர்ந்தா, ஒரு பத்து நாள் கெண்டையும் கெளுத்தியும் ஜிலேபியும் ஏறி வரும். அந்தப் பத்து நாளுக்காக வருஷம் பூரா வலையை எலி கடிக்காம உத்தரத்துல கட்டித் தொங்கவிட்டிருப்போம். குண்டு அறுந்து விழுந்துகிட்டே இருக்கும். அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது அடுப்பு மூட்டி ஊத்தணும்.

எனக்கு இந்த வேலையைச் சொல்லிக் குடுத்தது எங்க சித்தப்பா. நல்ல கைக்காரர். அவர் சொன்னதுல பாதி இன்னைக்கும் சரிதான்னு நான் ஒத்துக்குவேன். தண்ணி விஷயத்துல அவர் எமன். கரண்டி ஈரமா இருந்தா அடிப்பார். அச்சை வெயில்ல காயப்போட்டு, அதுக்கப்புறம் அடுப்பு ஓரத்துல சூடு காட்டித்தான் ஊத்துவார். ஈயம் 327 டிகிரியில உருகுது. அதுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போய் மாட்டினா, அந்த நொடியே ஆவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல விரியும். சட்டியில இருக்கறது பூரா முகத்துக்கு வரும். காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தின மாதிரின்னு சும்மா பேச்சுக்குச் சொல்றோமே, அது கண்ணுல விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சுக்கங்க. உருகிக்கிட்டு இருக்கற சட்டியில புதுத் துண்டு போடக் கூடாதுன்னும் சொல்வார். துண்டோட மடிப்புல ஈரம் ஒளிஞ்சிருக்கும். எல்லாத்தையும் முதல்லயே போட்டு, கூடவே சூடேறவிடணும்.

சூட்டுக்கும் ஒரு கணக்கு வெச்சிருந்தார். காய்ஞ்ச தென்னை ஈர்க்கை விட்டுப் பார்ப்பார். கருகணும், பத்திக்கக் கூடாது. ஈயத்து மேல மஞ்சளும் நீலமும் ஊதாவுமா நிறம் ஓடினா சூடு எக்கச்சக்கமா ஏறிடுச்சுன்னு அர்த்தம், உடனே விறகை இழுத்துடுவார்.

சரி, இப்ப மெழுகுக்கு வர்றேன். ஈயம் உருகினதும் மேல வெள்ளி மாதிரி பளபளக்கும். கொஞ்ச நேரத்துல சாம்பல் நிறத்துல ஒரு ஏடு படியும். பால் ஏடு மாதிரியே இருக்கும். அது அழுக்கு இல்லை, ஈயம்தான். காத்தோட சேர்ந்து மாறின ஈயம், துரு மாதிரின்னு வெச்சுக்கலாம். வழிச்சுக் கொட்டினா காசைக் கொட்டற மாதிரி. அதனால பட்டாணி அளவு மெழுகோ, ஒரு பிடி மரத்தூளோ போட்டு, சட்டியோட அடியையும் ஓரத்தையும் சுரண்டிச் சுரண்டிக் கலக்கணும். மெழுகு கரியாகும். அந்தக் கரி, துருப்பிடிச்ச ஈயத்துல இருக்கற ஆக்சிஜனைப் பிடுங்கிக்கும். ஏடு திரும்ப ஈயமாகி உள்ள இறங்கிடும். மண்ணு, இரும்புத் துரு, சாம்பல் இதெல்லாம் தனியாப் பிரிஞ்சு கறுப்புப் பொடியா மேல மிதக்கும். அதை வழிச்சு எடுக்கறோம். அதுதான் கசடு.

மெழுகு செய்யற வேலை இவ்வளவுதான். துருப்பிடிச்ச ஈயத்தை மறுபடி ஈயமாக்குது, அழுக்கைப் பிரிக்குது. விஷத்தை எங்கே எடுத்துச்சு? ஈயமே விஷம் ஐயா! சட்டியில இருக்கற மொத்தமும் விஷம். அதுலருந்து விஷத்தை எடுத்துட்டேன்னா சட்டி காலியாத்தான் இருக்கணும். மேல போற புகை மெழுகோட புகை. அதைப் பார்த்து 'விஷம் போகுது'ன்னு சொல்றது, மாட்டுச் சாணியில புகை போட்டுட்டு மலேரியா ஊரைவிட்டே போயிடுச்சுன்னு சொல்ற மாதிரி.

இன்னும் சொல்லப்போனா, மெழுகு போட்டு வழிச்ச அந்தக் கசடுதான் இருக்கறதுலயே மோசம். கட்டி ஈயத்தைக் கையில எடுத்தா தோல் வழியா அவ்வளவா உள்ள போகாது. ஆனா கசடு மாவு மாதிரி பொடி. என்னதான் கலக்கினாலும் அதுல துருப்பிடிச்ச ஈயம் மிச்சம் இருக்கும். காத்துல பறக்கும், நகக்கண்ணுல ஏறும், துணியில ஒட்டும், மூச்சுல போகும். சூடு அதிகமானா வர்ற மஞ்சள் பொடியும் அதே சாதிதான். நாட்டு மருந்துக் கடையில மிருதாரசிங்கின்னு ஒண்ணு கேட்டிருப்பீங்களே, அது ஈயத்தைச் சுட்டு எடுத்ததுதான்.

எங்க சித்தப்பா வாயில வெத்தலை இல்லாம குண்டு கோர்த்து நான் பார்த்ததே இல்லை. கசடு வழிச்ச அதே விரலால சுண்ணாம்பு தடவுவார். பிளந்த குண்டை நூல்ல மாட்டிப் பல்லால கடிச்சு இறுக்குவார். நானும் கடிச்சேன். என் மகனுக்கும் கடிக்கச் சொல்லிக் குடுத்தேன். இதை எழுதறப்ப கை கூசுது. எழுதித்தான் ஆகணும்.

உடனே ஒருத்தர் வருவார்: "எங்க பாட்டி ஈயச் சொம்புலதானே ரசம் வெச்சாங்க, தொண்ணூறு வயசு இருந்தாங்களே?" இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. ஐயா, அது வெள்ளீயம். டின்னுன்னு சொல்றாங்களே, அது. வேற உலோகம், 232 டிகிரியிலயே உருகிடும். அதனாலதான் ஈயச் சொம்பை ரசம் இல்லாம வெறுமனே அடுப்புல வெச்சா உருகி வழிஞ்சிடும். தெருவுல பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருவாங்களே, அவங்க நவச்சாரம் தூவி, பஞ்சால தேச்சுப் பூசுறதும் அந்த வெள்ளீயம்தான். வலைக்கு ஊத்தறது காரீயம். ரெண்டுக்கும் ஈயம்னு ஒரே பேரை வெச்சுட்டு, ஒண்ணோட நல்ல பேரை இன்னொண்ணுக்கு எழுதிக் குடுக்கறோம். வெள்ளீயம்னு சொல்லிக் காரீயம் கலந்து விக்கறவனும் இருக்கான், அதனால சொம்பு வாங்கும்போது இடம் பார்த்து வாங்குங்க. அது வேற கதை.

இப்ப பெரிய கதைக்கு வர்றேன். சித்தப்பா காலத்துல ஈயம் எங்கருந்து வந்துச்சு? பழைய வலையோட குண்டு, பழைய குழாய், கேபிள் மேல சுத்தியிருந்த உறை. எல்லாம் கட்டி ஈயம். கசடு ஒரு சிரட்டை தேறும். அதுவே தப்புதான், ஆனா சின்னத் தப்பு. நான் தலையெடுத்த காலத்துல அந்தச் சரக்கு கிடைக்கலை. வந்தது பேட்டரி. டிராக்டர் பேட்டரி, லாரி பேட்டரி. பழைய இரும்புக் கடையில சல்லிசா கிடைச்சுது. அரிவாளால மூடியை உடைச்சு, ஆசிட்டைப் பனைமரத்தடியில கொட்டிட்டு, தட்டை உருவி எடுத்துச் சட்டியில போடறது.

போட்டுப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். சட்டி நிறையத் தட்டு போட்டா கைப்பிடி ஈயம் வராது. மிச்சம் பூரா சேறு மாதிரி நிக்கும். ஏன்னா பேட்டரித் தட்டுல பூசியிருக்கறது ஈயம் இல்லை, ஈயத்தோட உப்பும் துருவும். அது நம்ம விறகடுப்புச் சூட்டுக்கெல்லாம் உருகாது. அதுக்குன்னு உலை கட்டின ஆலையிலதான் முடியும். நாம என்ன பண்ணுவோம்? மெழுகு பத்தலை போலன்னு இன்னும் ரெண்டு வத்தி, இன்னும் மரத்தூள், இன்னும் விறகு. சூடு ஏறஏற ஈயப்புகை நிஜமாவே கிளம்பும். கடைசியில சட்டி சட்டியா கசடு. போதாக்குறைக்கு அந்தத் தட்டுல ஆன்டிமணி, கால்சியம், சிலதுல ஆர்சனிக்கூட இருக்கும். அந்தக் கசடுல ஈரம் பட்டா விஷவாயு வரலாம். நாம அதைக் கொண்டுபோய்க் குப்பைக்குழியில கொட்டுவோம், மழையில நனைய.

நானும் அங்கதான் கொட்டினேன். 2009 ஆடி மாசம். எட்டு மாசத்துக் கிடாரிக் கன்னு ஒண்ணு நின்னுச்சு எங்க வீட்ல. என் பொண்டாட்டி பேர் வெச்சு, சோறு ஊட்டி வளர்த்தது. கயித்தை அறுத்துக்கிட்டு ஒரு நாள் பகல் பூரா குப்பைக்குழி ஓரத்துல நின்னிருக்கு. பேட்டரித் தட்டையும் கசடையும் மாடு விரும்பி நக்கும்ங்கறது எனக்கு அப்பத் தெரியாது. ரெண்டாம் நாள் கன்னு பல்லை நறநறன்னு கடிக்குது. வாயில எச்சில் வழியுது. சுவத்துல நெத்தியை முட்டிக்கிட்டு அப்படியே நிக்குது. கையைக் கண்ணு முன்னாடி ஆட்டினா இமைக்கலை. பார்வை போயிடுச்சு. வெறிநாய் கடிச்சிருக்கும்னு பக்கத்து வீட்ல சொல்ல, வீடே நடுங்கிப்போச்சு.

டாக்டர் வந்தார். கன்னைச் சுத்திப் பார்த்தவர், கன்னை விட்டுட்டு வீட்டைச் சுத்திப் பார்க்க ஆரம்பிச்சார். "ஏங்க, இங்க பேட்டரி ஏதும் உடைச்சீங்களா?"ன்னு கேட்டார். எனக்கு ஒண்ணும் புரியலை. "ஆமாங்க, வலைக்குக் குண்டு ஊத்தினோம். ஆனா மெழுகு போட்டு விஷத்தையெல்லாம் எடுத்துட்டேங்களே" அப்படின்னேன். அந்த மனுஷன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கலை. ஊசி போட்டார். மறுநாள் விடியறதுக்குள்ள கன்னு செத்துப்போச்சு. யாரும் தோண்டிக் கறி எடுத்துடக் கூடாதுன்னு ஆளுயரக் குழி வெட்டிப் புதைக்கச் சொன்னார். அப்புறம் வாசல்ல நின்னுகிட்டு, "வீட்ல சின்னப் புள்ளைங்க இருக்காங்களா?"ன்னு கேட்டார்.

அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடாம அடிச்சுது. கன்னுக்குட்டியாவது ஒரே நாள்ல நக்கினதால கண்ணுக்குத் தெரிஞ்சு செத்துச்சு. புள்ளைங்களுக்கு அப்படித் தெரியாது. தரையில தவழும், கையை வாயில வைக்கும். உள்ள போற ஈயத்துல பெரியவங்க உடம்பு பிடிக்கறதைவிட நாலஞ்சு மடங்கு சின்னப் புள்ளைங்க உடம்பு பிடிச்சுக்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. எலும்புலயும் பல்லுலயும் போய்த் தங்கிடும். மூளை வளர்ற வயசுல மூளையைத் தின்னும். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைன்னு ஒரு அளவே கிடையாதாம். வயித்து வலி, மலச்சிக்கல், ரத்தசோகைன்னு வரும், நாம குடல்பூச்சின்னு நினைப்போம். படிப்பு ஏறலைன்னா வாத்தியாரும் அப்பனும் சேர்ந்து அடிப்போம். மக்குன்னு பேர் வாங்கின புள்ளைங்கள்ல யாரு மக்கு, யாரு ஈயம் தின்னதுன்னு எவன் பிரிச்சுப் பார்த்தான்?

இது ஏதோ கிழவன் புலம்பல்னு நினைக்காதீங்க. ஆப்பிரிக்காவுல செனகல்னு ஒரு நாடு. தலைநகர் டாக்கார் பக்கத்துல தியாரோய்-சுர்-மேர்னு ஒரு குடியிருப்பு. அங்க ஏழைச் சனங்க பழைய பேட்டரியிலருந்து ஈயம் எடுத்தாங்க, ஈயம் கலந்த மண்ணை வீட்டு வாசல்லயே வெச்சுச் சலிச்சாங்க. 2007 கடைசியிலருந்து 2008 மார்ச்சுக்குள்ள 18 குழந்தைங்க செத்துப்போச்சு. முதல்ல என்ன வியாதின்னே யாருக்கும் பிடிபடலை. அந்த அம்மாக்கள் யாரும் கெட்டவங்க இல்லை. என்னை மாதிரி, அந்தப் படத்துல வர்ற ஆள் மாதிரி, தெரியாதவங்க.

இப்ப உங்ககிட்ட வர்றேன், நகரத்துக்காரங்களே. இது பட்டிக்காட்டு அறியாமை, நமக்கென்னன்னு போக முடியாது. அந்தப் பேட்டரி எங்க காட்டுல விளைஞ்சதா? உங்க வீட்டு இன்வெர்ட்டர்ல இருந்தது, உங்க கார்ல இருந்தது. ஒவ்வொண்ணுலயும் எடையில பாதிக்கு மேல ஈயம். புதுசு வாங்கும்போது பழசைக் கடையிலயே திருப்பிக் குடுக்கணும், கடைக்காரர் வாங்கிக்கணும்னு 2001-லயே மத்திய அரசு விதி போட்டாச்சு. 2022-ல அதை மாத்திப் புதுசா ஒண்ணு போட்டு, தயாரிக்கற கம்பெனிதான் பொறுப்புன்னும் சொல்லியாச்சு. ஆனா கடைக்காரர் கழிக்கற காசைவிடத் தெருவுல வர்ற பழைய இரும்புக்காரர் இருநூறு ரூபா கூடக் குடுக்கறார்னா, நீங்க யார்கிட்ட குடுக்கறீங்க? அந்த இருநூறு ரூபா எங்கருந்து வருதுன்னு கேட்டிருக்கீங்களா? உலைக்கு மேல புகைபோக்கி வெக்காதவன், வேலைக்காரனுக்கு முகமூடி குடுக்காதவன், ஆசிட்டை வாய்க்கால்ல விடறவன் மிச்சம் பிடிக்கற காசு அது. அந்த வாய்க்கால் தண்ணிதான் கீரைக்குப் பாயுது. கீரை காலையில உங்க வீட்டுக்கு வண்டியில வருது. ஈயம் மண்ணுல மக்காது.

"ஏழை மனுஷன் ரெண்டு காசு சம்பாதிக்கறான், அவன் வயித்துல அடிக்கறியா?"ன்னு என் பங்காளியே கேட்டார். நியாயமான கேள்விதான். நான் அவர் வலையைப் பிடுங்கச் சொல்லலை. பழைய வலை கிழிஞ்சா குண்டைப் பிரிச்சு அப்படியே புது வலைக்குக் கோர்க்கலாம், அடுப்பே வேண்டாம். புதுக் குண்டு கடையில கிலோக் கணக்குல கிடைக்குது. கட்டி ஈயத்தை எப்பவாவது ஒரு தடவை உருக்கியே ஆகணும்னா, வீட்டை விட்டுத் தள்ளி, காத்தாட, புள்ளையும் மாடும் இல்லாத இடத்துல, காத்து அடிக்கற பக்கத்துக்கு முதுகைக் காட்டி உட்காரட்டும். சூட்டை ஏத்த வேண்டாம். வெத்தலையைக் கீழ வெச்சுட்டு உட்காரட்டும், முடிச்சதும் சோப்புப் போட்டுக் கழுவட்டும், அந்தத் துணியோட புள்ளையைத் தூக்க வேண்டாம். சமையல் சட்டி, சமையல் கரண்டி கூடவே கூடாது. ஆனா பேட்டரியை மட்டும் தொடாதேங்கறேன். அதுக்கு எந்த மெழுகும் பரிகாரம் இல்லை.

நான் இப்ப வலை ஓரத்துக்கு இரும்புச் சங்கிலி கோர்த்துட்டேன். உண்மையைச் சொல்லணும்னா அது ஈயம் மாதிரி வராது. ஈயத்தோட கனம் இரும்புக்கு இல்லை. வலை ஒரு நொடி தாமதமா உட்காருது, கெண்டை அந்த நொடியில நழுவிடுது. துருப்பிடிச்சு நூலையும் அறுக்குது. போகட்டும்.

அந்தப் படத்துல வந்த ஆளுக்கு மகன் மூலமா எழுதச் சொன்னேன். அந்தப் புள்ளையை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய், ரத்தத்துல ஈயம் பார்க்கணும்னு கேளுங்கன்னு. ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே, எங்கருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்தணும்னு உலக சுகாதார நிறுவனம் 2021-ல சொல்லியிருக்கு, அதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். பதில் இல்லை. பாராட்டினவங்க யாராவது இதைப் படிச்சா நீங்களும் ஒரு வரி எழுதுங்க. உங்க பேச்சுக்கு அவன் மதிப்புக் குடுக்கறான், உங்களுக்காகத்தான் படமே எடுக்கறான்.

இன்னொரு பாக்கி இருக்கு எனக்கு. கன்னு செத்த வாரம் குப்பைக்குழி ஓரத்து மண்ணை ரெண்டு அடி ஆழத்துக்கு வெட்டி எடுத்தேன். கசடும் மண்ணுமா ஏழு பெயிண்ட் டப்பா. மூடி போட்டு, தார் பூசி, மோட்டார் கொட்டாய்ல மேடை கட்டி அதுமேல வெச்சிருக்கேன். எங்க குடுக்கணும்னு மூணு ஆபீஸ்ல கேட்டேன். ஒருத்தர் சிரிச்சார், ஒருத்தர் மனு எழுதிக் குடுங்கன்னார், ஒருத்தர் ஆத்துல போட்டுடுங்கன்னார். மனு எழுதிக் குடுத்தாச்சு. டப்பா ஏழும் அங்கயேதான் இருக்கு. கொட்டாய்ச் சாவி என் அரைஞாண்ல இருக்கு, பேரப் புள்ளைங்க லீவுக்கு வந்தா ராத்திரிகூட அதை நான் அவுக்கறதில்லை.